வில்லாளிகளுக்குக் கவசம் வாங்குவது லாபமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் பிள்ளைகள் முதலில் கேட்பது கேம்ஸ்தான். அவற்றில் கொஞ்சம் யோசிக்க வைப்பவை ஸ்ட்ராடஜி கேம்கள். ஊர் அமைத்து, மரம் வெட்டி, உணவும் தங்கமும் சேர்த்து, படை திரட்டி எதிரியை வெல்ல வேண்டும். இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2. என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்க, மைக்ரோசாப்ட் இதனை 1999ல் வெளியிட்டது. புதுப்பிக்கப்பட்ட டெபினிட்டிவ் எடிஷன் 2019 நவம்பரில் வந்தது. 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பின் மூலம் திராவிடர் படையும், நம் ராஜேந்திர சோழனை நாயகனாகக் கொண்ட போர்த் தொடரும் இதில் சேர்ந்தன.

விடுமுறைக்கு மல்லாங்கிணறு போனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, என் வில்லாளிங்க மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் செத்துப் போறாங்க?" அவர்கள் படையைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அம்பைக் கூர்மையாக்கச் செலவு செய்திருப்பார்கள். கவசத்திற்கு எதுவும் செய்திருக்க மாட்டார்கள். தள்ளி நின்று சுடுபவனுக்குக் கவசம் எதற்கு என்ற எண்ணம்தான். இது சரியா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கவசம் எங்கே கிடைக்கும்?

இரண்டாவது காலகட்டமான பியூடல் ஏஜிற்குப் போனதும் 150 மரம் செலவழித்து பிளாக்ஸ்மித் என்னும் கொல்லர் பட்டறையைக் கட்டலாம். அதனை மவுஸால் கிளிக் செய்தால் வில்லாளிகளுக்கான கவசங்கள் படிப்படியாகக் கிடைக்கும்.

1. பேடட் ஆர்ச்சர் ஆர்மர் (பியூடல் ஏஜ்): 100 உணவு.
2. லெதர் ஆர்ச்சர் ஆர்மர் (கேஸில் ஏஜ்): 150 உணவு, 150 தங்கம்.
3. ரிங் ஆர்ச்சர் ஆர்மர் (இம்பீரியல் ஏஜ்): 250 உணவு, 250 தங்கம்.

முதல் இரண்டும் வாள்வீச்சு, அம்பு ஆகிய இரண்டிற்கும் எதிராகத் தலா 1 புள்ளி பாதுகாப்பு தரும். மூன்றாவது, வாளுக்கு 1 புள்ளியும் அம்புக்கு 2 புள்ளியும் தரும். ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனியாக வாங்கத் தேவையில்லை. ஒருமுறை வாங்கினால் களத்தில் இருப்பவர்கள், இனி வரப்போகிறவர்கள் எல்லாருக்கும் சேர்ந்துவிடும். படை பெரிதாக ஆக, ஒரு தலைக்கு விழும் செலவு குறையும். விருதுநகர் பருப்பு வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தர வேண்டியதில்லை!

கழித்தல் கணக்கு

தாக்குபவனின் பலத்திலிருந்து கவசப் புள்ளியைக் கழித்தால் வருவதே சேதம். ஆனால் கவசம் எவ்வளவு இருந்தாலும் ஓர் அடிக்கு 1 புள்ளியாவது சேதம் உண்டு.

சாதாரண வில்லாளியின் உயிர்ப்புள்ளி 30. தாக்கும் பலம் 4. பிளட்சிங் என்ற அம்பு மேம்பாட்டை எதிரி வாங்கியிருந்தால் அவனுடைய பலம் 5 ஆகும். கவசமில்லாத உங்கள் வில்லாளி 6 அம்புகளில் விழுவான். பேடட் ஆர்மர் இருந்தால் ஓர் அம்பின் சேதம் 4 ஆகக் குறையும். அவனை வீழ்த்த 8 அம்புகள் வேண்டும். இதற்கு ஒரு பொற்காசு கூடச் செலவில்லை. ஒரு புது வில்லாளிக்கோ 25 மரமும் 45 தங்கமும் வேண்டும்.

ஈட்டி எறியும் ஸ்கர்மிஷரைப் பாருங்கள். அவனுக்கு அம்புக்கு எதிராகப் பிறவியிலேயே 3 புள்ளி கவசம் உண்டு. பலம் 5 உள்ள வில்லாளி அவனுக்கு 2 புள்ளி சேதமே செய்வான். 30 உயிர்ப்புள்ளிக்கு 15 அம்புகள். பேடட் ஆர்மர் சேர்ந்தால் சேதம் 1 ஆகும். 30 அம்புகள் வேண்டும்! அதே 100 உணவு வில்லாளியின் ஆயுளை மூன்றில் ஒரு பங்கு கூட்டியது. ஸ்கர்மிஷரின் ஆயுளை இரு மடங்காக்கிவிட்டது.

கடைசிக் கட்டத்தில் ஆர்பலெஸ்டருக்கு 40 உயிர்ப்புள்ளி. எல்லா அம்பு மேம்பாடுகளும் பெற்ற எதிரி ஆர்பலெஸ்டரின் பலம் 9. கவசமே இல்லையென்றால் 5 அம்புகளில் ஆள் காலி. மூன்று கவசங்களும் இருந்தால் 8 அம்புகள் வரை நிற்பான். மேட்டில் நின்று தாக்கினால் சேதம் கூடும் என்பதால், அங்கே இந்தக் கணக்கு மாறும்.

கவசம் கை கொடுக்காத இடங்கள்

முதலாவது, கூடுதல் சேதம். ஸ்கர்மிஷருக்கு அடிப்படைப் பலம் 2. வில்லாளிகளுக்கு எதிராக மட்டும் தனியாக 3. இந்த 3ஐ நீங்கள் வாங்கும் கவசம் குறைக்காது. எனவே ஸ்கர்மிஷர் கூட்டம் வந்தால் கவசத்தை நம்பி நிற்காமல், குதிரை வீரர்களை அனுப்புங்கள்.

இரண்டாவது, மேங்கனெல் என்னும் கல்லெறி இயந்திரம். அதன் பலம் 40. கல் விழும் இடத்தில் நெருங்கி நிற்கும் எல்லாரையும் அது தாக்கும். இரண்டு மூன்று புள்ளி கவசம் இங்கே ஒன்றும் செய்யாது. பிரிந்து நிற்பது மட்டுமே காப்பாற்றும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் மருந்து அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டி, ஓர் அறையில் சில பேரை மட்டும் வேலை செய்ய விடுவது ஏன் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஓர் இடத்தில் வெடித்தால் அது அடுத்த இடத்திற்குப் பரவக் கூடாது. அங்கே விதி மீறினால் போவது மனித உயிர். கேமில் தோற்றால் மறுபடி ஆடலாம்.

மூன்றாவது, நம் திராவிடர் படையே! அதன் சிறப்புத் தொழில்நுட்பமான ஊட்ஸ் ஸ்டீல், காலாட்படை, குதிரைப்படைகளின் அடியை எதிரியின் கவசம் குறைக்க முடியாதபடி செய்கிறது. பழங்காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து பல நாடுகளுக்குப் போன உருக்கின் பெயர்தான் அது. இத்தகைய எதிரி அருகில் வந்துவிட்டால் கவசம் வீண். அவன் நெருங்கும் முன் பின்வாங்கிச் சுட வேண்டும். அவனுடைய அம்புகளுக்கு எதிராக மட்டும் கவசம் வழக்கம்போல் உதவும்.

எப்போது வாங்கலாம்?

* இரண்டு மூன்று வில்லாளிகள் மட்டும் இருக்கும்போது அவசரம் வேண்டாம். ஆறேழு பேர் சேர்ந்ததும் முதலில் பிளட்சிங், அடுத்து பேடட் ஆர்மர் என வாங்குங்கள். பிளட்சிங் பலத்துடன் தாக்கும் தூரத்தையும் கூட்டும்.
* எதிரியும் வில்லாளிகளையே தயாரித்தால் பேடட் ஆர்மரைத் தள்ளிப் போட வேண்டாம்.
* லெதர் ஆர்மருக்கான 150 தங்கத்தில் மூன்று வில்லாளிகளை உருவாக்கலாம். படை பத்துப் பதினைந்தைத் தாண்டிய பின் வாங்கினால் லாபம்.

இந்தக் கேமில் உள்ள சினாரியோ எடிட்டரைத் திறந்து, இரு தரப்புக்கும் பத்துப் பத்து வில்லாளிகளைத் தள்ளித் தள்ளி நிறுத்துங்கள். காலகட்டத்தை பியூடல் ஏஜ் என அமைத்து, உங்கள் பக்கம் ஒரு பிளாக்ஸ்மித்தும் கொஞ்சம் உணவும் தாருங்கள். ஒருமுறை கவசம் வாங்காமலும், மறுமுறை வாங்கியும் மோதவிட்டு, மிஞ்சியவர்களை எண்ணிப் பாருங்கள். அப்டேட்களில் எண்கள் மாறுவது உண்டு என்பதால், வாங்கும் முன் பட்டன் மீது மவுஸைக் கொண்டு சென்று விலையைச் சரி பார்த்துக் கொள்ளவும்.

இதே ஸ்டுடியோ 2002ல் தந்த ஏஜ் ஆப் மித்தாலஜி என்ற புராணக் கதை கேமில் கவசம் சதவீதக் கணக்கில் வேலை செய்யும். அங்கே கழித்தல் செல்லாது; பெருக்கல் போட வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக் கொண்டு ஆடட்டும்.