கோடைப் பயிற்சி: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

அமெரிக்காவில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தங்கிப் பயிலும் வகுப்புகள் அங்கே பல நடைபெறுகின்றன. நம் பிள்ளைகளும் அவற்றில் சேர விரும்புகிறார்கள். சேமித்த பணத்தை எடுத்துக் கட்டுமுன் நாம் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, நடத்துபவர் யார்? பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தின் கட்டடங்களை வாடகைக்கு எடுத்துத் தனியார் வகுப்பு நடத்துவதும் உண்டு. இடத்தின் பெயரைக் கண்டு மயங்கிவிடக் கூடாது.

இரண்டாவது, மாணவரை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார்கள்? பணம் கட்டியவர்க்கெல்லாம் இடம் உண்டென்றால், அங்கே சேர்ந்தது திறமைக்குச் சான்றாகாது. பேராசிரியர் ஆர்னால்டு ராஸ் 1957இல் தொடங்கிய கணித வகுப்பில் சேர, கடினமான கணக்குகளுக்கு விடை எழுதி அனுப்ப வேண்டும். சேர்ந்தவர்கள் ஆறு வாரம் எண் கோட்பாட்டை ஆழ்ந்து பயில்கிறார்கள்.

மூன்றாவது, கட்டணம். 1984இல் தொடங்கிய ‘ரிசர்ச் சயன்ஸ் இன்ஸ்டிட்யூட்’ தேர்வு பெற்றவரிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆறு வாரப் பயிற்சியில் ஒவ்வொரு மாணவரும் வழிகாட்டி ஒருவரின் கீழ் ஆய்வு செய்து கட்டுரை எழுதுகிறார். சிங்கப்பூர் மாணவர்களும் அதில் பயின்றிருக்கிறார்கள். ஆகவே, கட்டணம் மிகுந்தால் தரமும் மிகும் என எண்ண வேண்டியதில்லை.

இடம் கிடைக்காத பிள்ளை மனம் தளர வேண்டாம். நூலகத்தில் நல்ல கணித நூல் ஒன்றை எடுத்து, அதிலுள்ள கணக்குகளைத் தானே போட்டுப் பார்க்கட்டும். விடுமுறை முடிவில் நிரம்பிய குறிப்பேடு ஒன்று கையில் இருந்தால், அந்தக் கோடை பயனுள்ளதே.