நெற்பயிரின் காவலும் விவசாயியின் உரிமையும்

டில்லி சாணக்யபுரியில், கௌடில்யரின் பெயர் தாங்கிய மார்க்கத்தில் நம் தமிழ்நாடு இல்லம் இருக்கிறது. அந்தக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், சீதாத்யக்ஷன் என்னும் வேளாண் அதிகாரி அந்தந்தக் காலத்தில் விதைகளைச் சேகரித்து வைக்க வேண்டுமென விதித்திருப்பதைப் பார்த்தால், விதையைப் பற்றிய கவலை நம் நாட்டில் எவ்வளவு புராதனமானது என்பது விளங்கும். அதே சாணக்யபுரியில், சாந்திபத் சாலையில், ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய தேசங்களின் தூதரகங்கள் நிற்கின்றன. அத்தேசங்கள் அங்கம் வகிக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2017-ஆம் ஆண்டில், குலைநோய்க்கு நம்மவர் தெளிக்கும் டிரைசைக்ளசோல் மருந்தின் எச்சம் ஒரு கிலோ அரிசியில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்த வரம்பை 0.01 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது.

தெளிக்காவிட்டால் பயிர் போகும், தெளித்தால் சரக்கு திரும்பி வரும் என்ற இந்த இருதலைக்கொள்ளி நிலைமைக்குப் பரிகாரமாக, டில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2021-இல் பூசா பாசுமதி 1847, 1885, 1886 என்ற மூன்று ரகங்களை வெளியிட்டார்கள். பாக்டீரியா இலைக்கருகலைத் தடுக்க எக்ஸ்ஏ 21, எக்ஸ்ஏ 13 என்ற மரபணுக்களும், குலைநோயைத் தடுக்க பிஐ 2, பிஐ 54 என்ற மரபணுக்களும், மரபணு மாற்றம் எதுவுமின்றி, ஒட்டுச்சேர்க்கையாலும் மூலக்கூறு அடையாளங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாலும் இவற்றில் ஒருசேர அமைக்கப்பட்டன.

மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்த எக்ஸ்ஏ 21 செய்யும் வேலை அதிசயமானது. அது உருவாக்கும் ஏற்பி, உயிரணுவின் சவ்வை ஊடுருவி நின்று, வெளிப்புறப் பகுதியால் பாக்டீரியா வெளியிடும் ஒரு சிறு புரதத் துணுக்கை உணர்ந்து, உட்புறப் பகுதியால் உயிரணுவுக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. பிஐ வகை ஏற்பிகளோ உயிரணுவுக்குள்ளேயே இருந்து, குலைநோயை உண்டாக்கும் பூஞ்சணம் உள்ளே செலுத்தும் புரதங்களைக் கண்டுபிடிக்கின்றன. எக்ஸ்ஏ 21 இன்னதென்று 1995-இல் விஞ்ஞானி பமீலா ரொனால்டு குழுவினர் பிரித்தறிந்ததை அடுத்து, பழ ஈயில் ஜூல் ஹாஃப்மனும் எலியில் புரூஸ் பியூட்லரும் இதே சாயலுள்ள ஏற்பிகளின் நோய்த்தடுப்புப் பணியைக் கண்டு, 2011-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஆனால் மிருகங்களுக்கும் மனிதருக்கும் இரத்தத்தில் சுற்றிவரும் அணுக்களும் எதிர்ப்பொருள்களும் உண்டு. பயிருக்கு அவை இல்லை. கன்றுக்குத் தடுப்பூசி போடலாம், நாற்றுக்குப் போட முடியாது. பரம்பரையாக விதையில் வந்ததே அதற்குள்ள பாதுகாப்பாகையால், விதை விற்பவர் சொல்லும் சொல்லுக்கு இத்தனை கனம் ஏற்படுகிறது.

“நோய் எதிர்ப்பு ரகம்” என்று பொதுவாகச் சொல்லி விற்பதை நாம் ஏற்கலாகாது. எந்த நோய்க்கு என்று கேட்க வேண்டும். டெல்டாவில் பெரிதும் விரும்பப்படும் பிபீடி 5204 என்ற நெல் ரகம் இலைக்கருகலுக்கு எளிதில் இரையாவது. அதில் மூன்று மரபணுக்களைச் சேர்த்து ஹைதராபாத்தில் உருவாக்கி 2008-இல் வெளியிட்ட மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி இலைக்கருகலைத் தாங்கும், ஆனால் குலைநோய்க்கும் புகையான் பூச்சிக்கும் அம்மரபணுக்கள் காவலாகா. கிருமியும் மாறிக்கொண்டே இருப்பதால், ஒற்றை மரபணுவை நம்பிய ரகம் சில ஆண்டுகளில் வலுவிழப்பதுண்டு.

வயல் கருகினால் முதலில் நோய் இன்னதென்று நிச்சயிக்க வேண்டும். கருகிய பகுதியும் பச்சைப் பகுதியும் சேருமிடத்தில் இலையைக் குறுக்கே வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் வெட்டுவாய் நீரில் படும்படி நிறுத்தினால், சில நிமிஷங்களில் பால் போன்ற கசிவு இழைபோல் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் அது பாக்டீரியா இலைக்கருகல். குலைநோயாயின் இரு முனையும் கூர்ந்து, நடுவே சாம்பல் நிறமாகக் கண் வடிவப் புள்ளிகள் தெரியும். இவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, வேளாண்மை உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, அறுவடைக்கு முன்பே வயலைப் பார்வையிடச் செய்து, அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெற வேண்டும்.

புகார் நிலைப்பதற்கு ஆதாரம் ரசீதும், பையும், அதில் தைத்த அட்டையும். சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. குவியல் எண் அட்டையிலும் ரசீதிலும் ஒன்றாயிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுவது உத்தமம். விதைத்த மறுநாளே பையைக் கிழித்துச் சாக்குக்கு ஒட்டுப்போடும் நம் வழக்கத்தை, அந்தப் பருவம் முடியும்வரையிலாவது நிறுத்தி வைக்க வேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், பரிமாறிக்கொள்ளவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பதிவுபெற்ற ரகத்தின் விதையை விற்கையில், இன்ன நிலைமைகளில் இன்ன பலன் தரும் என்பதை ரகத்தை உருவாக்கியவர் தெரிவிக்க வேண்டுமென்றும், அப்பலன் கிட்டாவிடில் இச்சட்டப்படி புதுடில்லியில் அமைந்துள்ள ஆணையத்திடம் விவசாயி நஷ்டஈடு கோரலாமென்றும் அதே பிரிவு கூறுகிறது. இது தவிர நுகர்வோர் ஆணையத்தின் வாசலும் திறந்தே இருக்கிறது: தேசிய விதைக் கழகம் தொடுத்த மேல்முறையீட்டில் 2012-இல் உச்ச நீதிமன்றம், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்றும், வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடும் அவர் பரிசோதனைக்கென மாதிரி எடுத்து வைத்திருப்பாரென எதிர்பார்க்க முடியாதென்றும் தீர்ப்பளித்தது. விதைக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமே இல்லை. வழக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிட வேண்டும்.