நாயோடு கடற்கரைப் பயணம்: பட்டாபிராமிலிருந்து புதுச்சேரி வரை

பட்டாபிராமிலிருந்து கடலுக்குப் போக முன்பெல்லாம் பூந்தமல்லி, கிண்டி, அடையாறு என்று சென்னையின் நெரிசல் முழுவதையும் கடந்தாக வேண்டும். இப்போது நெமிலிச்சேரி அருகே வெளிவட்டச் சாலையில் ஏறினால் போதும். மீஞ்சூரையும் வண்டலூரையும் இணைக்கும் சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையின் நடுவாக்கில் பட்டாபிராம் இருக்கிறது. வடக்கே திரும்பினால் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. தெற்கே திரும்பினால் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளமும் கிழக்குக் கடற்கரைச் சாலையும். நாயை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இது சிறிய வசதி இல்லை. பிரேக் போட்டுப் போட்டு நகரும் வண்டியில்தான் நாய்களுக்குக் குமட்டல் அதிகம். சீராக ஓடும் வண்டியில் பெரும்பாலானவை தூங்கிவிடும்.

இரண்டு திசைகளில் நாய்க்கு ஏற்றது தெற்கு. பழவேற்காட்டில் நண்டும் இறாலும் அருமையாகக் கிடைக்கும். ஆனால் அந்த ஏரி பூநாரைகள் வந்திறங்கும் பறவைகள் சரணாலயம். கரையில் ஒரு நாய் ஓடினால் தொலைவில் மேயும் கூட்டமே எழும்பிப் பறந்துவிடும். நெடுந்தூரம் பறந்து வந்து இரை தேடும் பறவைகளுக்கு ஒவ்வொரு முறை எழும்புவதும் வீண் உழைப்பு. ஆகவே இக்கட்டுரை புதுச்சேரி வரையிலான தெற்குப் பாதையைப் பற்றியது. பட்டாபிராமிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர்.

இந்தப் பயணத்தின் அட்டவணையைப் போடவேண்டியது நாயின் உடல். நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது; நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக், பாக்ஸர் போன்ற சப்பை மூக்கு நாய்களும், ஹஸ்கி போன்ற அடர்முடி நாய்களும் மற்றவற்றைவிட வேகமாக அந்த எல்லையை எட்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு நாய்கள் குட்டை முடியும் மெலிந்த உடலும் கொண்டவை என்பதால் கொஞ்சம் தாங்கும். வெள்ளை ராஜபாளையத்துக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். அதன் இளஞ்சிவப்புத் தோலும் மூக்கும் கடற்கரை வெயிலில் எளிதில் வெந்துவிடும்.

இதனால் நாயோடு கடற்கரை என்றால் விடியற்காலைதான். பட்டாபிராமில் நாலு, நாலரை மணிக்குக் கிளம்பினால் இருட்டு விலகும் நேரத்தில் கோவளத்தில் இருக்கலாம். எட்டு, எட்டரைக்குள் மணலை விட்டு வெளியேறிவிட வேண்டும். அதன் பிறகு புறங்கையை மணலில் ஏழு எண்ணும்வரை வைத்துப் பார்த்தால் தெரியும். மனிதக் கை தாங்காத சூட்டை நாயின் உள்ளங்காலும் தாங்காது. மாலையில் மணல் ஆற ஐந்து மணிக்கு மேல் ஆகும்.

மாதமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழையும் புயலும். அக்னி நட்சத்திரத்தை நினைக்கவே வேண்டாம். தேறுவது மார்கழிக் கடைசி முதல் மாசி வரையிலான சில வாரங்கள். அதிலும் காணும் பொங்கலன்று கடற்கரைகளில் கால் வைக்க இடமிருக்காது. மாசி மகத்தை ஒட்டி இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரையில் கூடித் தங்குவார்கள். அது அவர்களுடைய வழிபாட்டு நாள். அன்று அங்கே நாயை அவிழ்த்துவிடுவது முறையாகாது.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வேலை தொடங்குகிறது. வெறிநோய்த் தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸையும் சேர்த்துத் தடுக்கும் கூட்டு ஊசி இந்தப் பாதைக்கு அவசியம். மழைக்காலம் முடிந்தபின் தேங்கிய குட்டைகளில் அந்தக் கிருமி நெடுநாள் இருக்கும். உண்ணி மருந்தும் போட்டாக வேண்டும். ஊசிப் புத்தகத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்தால் தங்குமிடத்தில் கேட்கும்போது உதவும். ஒருமுறைகூடக் காரில் ஏறாத நாயை நேராகப் புதுச்சேரிக்கு அழைத்துப்போவது தவறு. செம்பரம்பாக்கம், பூண்டி என்று அருகிலுள்ள ஏரிகள் வரை நாலைந்து முறை போய்வந்தால் வண்டி பழகிவிடும். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு உணவை நிறுத்தினால் வாந்தி குறையும். தண்ணீரை நிறுத்தக் கூடாது.

வண்டிக்குள் நாயின் இடம் பின் இருக்கை. கழுத்துப்பட்டையில் கட்டினால் திடீர் பிரேக்கில் கழுத்து முறியக்கூடும். ஆகவே ஹார்னெஸ் என்கிற நெஞ்சுப்பட்டையை இருக்கை பெல்ட்டோடு பிணைக்க வேண்டும். சிறிய நாய்களுக்குக் கூண்டு நல்லது. நாயை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவது பலருக்குச் செல்லமான பழக்கம். ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடையூறாக எவரும் எதுவும் அமைவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு தடுக்கிறது. வெளிவட்டச் சாலையில் லாரிகளின் வேகத்தைப் பார்த்தவர்களுக்குச் சட்டம் சொல்ல வேண்டியதுகூட இல்லை. சொந்தக் கார் இல்லாதவர்கள் வாடகை வண்டியில் போகலாம். நாய் வருவதை முன்கூட்டியே ஓட்டுநரிடம் சொல்லி, இருக்கைக்குப் பழைய போர்வை கொண்டுபோக வேண்டும். ரயில் கடினமான வழி. முதல் வகுப்பு ஏசியில் கூபே எனப்படும் தனியறை முழுவதையும் பதிவு செய்தாலொழிய நாய் கார்டு பெட்டியில் தனியாகத்தான் வரவேண்டும்.

முதல் நிறுத்தம் கோவளம். 2021-இல் இங்குள்ள கடற்கரைப் பகுதிக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. சுத்தம், நீரின் தரம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பார்த்து வழங்கப்படும் இந்தச் சர்வதேசச் சான்றின் விதிகளில் ஒன்று, நாய் முதலிய வளர்ப்பு விலங்குகளின் வருகையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது. இது பலருக்குத் தெரியாது. மிகச் சுத்தமான கடற்கரையே நாய்க்கும் நல்லது என்று நம்பி வந்து வாசலிலேயே திரும்புகிறார்கள். அதே ஆண்டு சான்று பெற்ற புதுச்சேரியின் சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கும் இதே விதிதான்.

சான்று பெற்ற பகுதிக்கு வெளியே இருப்பவை மீனவர்களின் கடற்கரைகள். நாய்க்கு அனுமதி உண்டு என்று யாரும் எழுதி வைக்காத, யாரும் தடுக்காத இடங்கள் அவை. ஆனால் அந்த மணல் ஊராரின் பணியிடம். காலையில் படகு கரையேறும். வலையிலிருந்து மீன் பிரிப்பார்கள். பெண்கள் கருவாடு காயப்போட்டிருப்பார்கள். காயும் நெத்திலியின்மேல் ஒரு நாய் காலைத் தூக்கினால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் போயிற்று. வலைக்கும் அப்படியே. படகுகளைத் தாண்டி வெறும் மணல் தொடங்கும் இடம்வரை நாயின் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துப் போய், அங்கே நீளக் கயிற்றில் விடுவதே சரி. “அண்ணே, நாயைக் கொஞ்சம் நடத்திக்கிட்டுப் போகலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டால், பெரும்பாலும் நல்ல இடத்தை அவர்களே காட்டிவிடுவார்கள். நாய் கழித்ததை அள்ளப் பை இல்லாமல் மணலில் இறங்கவே கூடாது.

கயிற்றை முழுவதுமாகக் கழற்றாமலிருக்க இன்னொரு காரணம் ஊர் நாய்கள். ஒவ்வொரு குப்பத்து மணலும் ஒரு நாய்க் கூட்டத்தின் எல்லை. அயல் நாயைக் கண்டால் ஐந்தாறு சேர்ந்து வரும். அப்போது நாயோடு சேர்ந்து ஓடாமல், அதை உடலோடு ஒட்டிப் பிடித்தபடி மெல்லப் பின்வாங்க வேண்டும். கடி பட்டால், மனிதருக்கானாலும் நாய்க்கானாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். முன்பே ஊசி போட்ட நாய்க்கும் மறு ஊசி தேவைப்படும்.

மணலிலும் நீரிலும் கண்ணில் படாத ஆபத்துகள் சில உண்டு. உப்பு நீரைக் குடித்த நாய்க்கு முதலில் வாந்தி, பேதி. அதிகமானால் நடுக்கமும் வலிப்பும். நல்ல தண்ணீரைக் கால் மணிக்கொரு தரம் காட்டினால் கடல் நீரில் வாய் வைப்பது குறையும். வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீன் இன்னும் மோசம். தன்னைப் பந்துபோல் ஊதிக்கொள்ளும் அந்த மீனின் உடலிலுள்ள நஞ்சுக்கு முறிவு மருந்து இல்லை. கரையொதுங்கிய சொறி எனப்படும் ஜெல்லிமீன், அறுந்த தூண்டில் முள், உடைந்த பாட்டில், மணல் மேடுகளில் ஊசி ஊசியாய் நிற்கும் ராவணன் மீசைப் புல், நெருஞ்சி முள் இவையெல்லாம் நாயின் மூக்குக்கும் காலுக்கும் காத்திருப்பவை. இந்தக் கரையில் உள்ளிழுக்கும் நீரோட்டம் பலமானது; ஆண்டுதோறும் நீச்சல் தெரிந்தவர்களே உயிரிழக்கிறார்கள். பந்தை அலைக்குள் வீசி நாயை அனுப்பும் விளையாட்டை இங்கே தவிர்க்க வேண்டும். கணுக்கால் ஆழத்தில் ஓடவிட்டாலே நாய்க்குப் போதுமான குதூகலம்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். குஞ்சு வெளிவர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். மணலுக்கடியில் இருக்கும் முட்டையை நாய் மோப்பம் பிடித்துத் தோண்டிவிடும். இந்த முட்டைகளைக் காக்கவே மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் சென்னைக் கரையில் இரவிரவாக நடந்து அவற்றைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அவர்கள் உழைப்பை ஒரு வளர்ப்பு நாய் சில நிமிடத்தில் கெடுத்துவிடும். இந்த மாதங்களில் இருட்டிய பின் நாயை மணலில் இறக்காமல் இருப்பது நாம் செய்யக்கூடிய மிகக் குறைந்தபட்ச மரியாதை.

அடுத்த நிறுத்தமான மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குள்ளும் ஐந்து ரதங்களுக்குள்ளும் நாய்க்கு இடமில்லை. தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களுக்குள் விலங்குகளைக் கொண்டுவருவதை 1959-ஆம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன. நாயை வண்டியில் பூட்டிவிட்டுப் போவது மட்டும் கூடவே கூடாது. வெளியே 30 டிகிரி என்றால் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 40-ஐ எட்டிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றமில்லை. ஒருவர் நிழலில் நாயோடு இருக்க, மற்றவர்கள் பார்த்து வந்தபின் ஆள் மாற்றிக்கொள்ளலாம்.

மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கடப்பாக்கத்தை ஒட்டியிருக்கிறது ஆலம்பரை. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட கோட்டை அது. இடிந்த சுவர்களுக்கு வெளியே ஒரு பக்கம் அமைதியான கழிமுகம், அப்பால் கடல். கூட்டம் குறைவு. இந்தப் பாதையில் நாய்க்கு ஏற்ற இடங்களில் இதையே முதலாவதாகச் சொல்லலாம். அதைத் தாண்டினால் மரக்காணத்து உப்பளங்கள். அருகிலுள்ள கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே நாயை இறக்காமல் வண்டியிலிருந்தே பார்த்துப் போகலாம்.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலை மாலை ஆறு முதல் காலை ஏழரை வரை வண்டிகளுக்கு மூடப்படுகிறது. விடியலில் உள்ளூர்க்காரர்கள் பலர் நாயோடு நடப்பதைப் பார்க்கலாம். துறைமுகத் தடுப்புச் சுவர் கட்டப்பட்ட பிறகு மணல் அரிக்கப்பட்டுப் பாறாங்கற்கள் கொட்டப்பட்ட கரை அது. கற்களின் இடுக்கில் நாயின் கால் சிக்கிக்கொள்ளும் என்பதால் நடைபாதையோடு நிற்பது நல்லது. தங்குமிடத்தைப் பதிவு செய்யும்போது “நாய் வரலாமா?” என்ற கேள்வி மட்டும் போதாது. எந்த அளவு நாய், அறைக்குள் இருக்கலாமா, சுற்றுச்சுவர் உண்டா, அங்கே வேறு நாய் இருக்கிறதா, தனிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவசர மருத்துவத்துக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி இருக்கிறது. சென்னைப் பக்கம் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நாயோடு போகிறவர்களுக்குக் குளிர்சாதன உணவகங்களைவிடக் கீற்றுக் கொட்டகைகளே தோது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அன்று வந்த சங்கராவையோ கொடுவாவையோ கண்ணெதிரே பொரித்துத் தருகிறார்கள். சுறாப்புட்டும் நெத்திலி வறுவலும் இந்தக் கரையின் சொந்த ருசிகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது வஞ்சிரம் போன்ற பெரிய மீன் குறைந்து விலை ஏறும். நாயை மேசையருகே கட்டும்போது அடுத்தவர் நடக்கும் வழியை விட்டுக் கட்ட வேண்டும்.

நாய்க்கு அந்தத் தட்டிலிருந்து எதுவும் போகக்கூடாது. மீன் குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பொரித்த மீனின் முள் தொண்டையில் தைக்கும். கருவாட்டு உப்பு தாகத்தைக் கிளப்பும். புதுச்சேரி பேக்கரிகளின் சாக்லேட்டும் உலர்திராட்சை போட்ட கேக்கும் நாய்க்கு நேரடி நஞ்சு. கடைக்காரரிடம் சொன்னால் மசாலா தடவாத ஒரு துண்டு மீனை வேகவைத்துத் தருவார். முள்ளை எடுத்துவிட்டு வெறும் சோற்றில் பிசைந்து போடலாம். வீட்டிலிருந்து வழக்கமான உணவைக் கொண்டுபோவது இன்னும் பத்திரம்.

நாய் தள்ளாடினால், எச்சில் கெட்டியாக வழிந்தால், ஈறு செங்கல் நிறமானால் வெப்பத்தாக்கு என்று கொள்ள வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடையிடுக்கு, பாதங்களில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறியபடியே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

திரும்பும் நாளிலும் வெயிலுக்கு முன்பே கிளம்புவது நல்லது. வீடு வந்ததும் உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காதின் உட்புறத்தை ஈரமில்லாமல் துடைத்து, விரலிடுக்குகளில் முள்ளும் காதோரத்தில் உண்ணியும் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, அடர்மஞ்சள் நிறச் சிறுநீர் எது தெரிந்தாலும், எந்தெந்தத் தண்ணீரில் நாய் இறங்கியது என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.