யானை வீடு மாறிய கதை!

போன மாசம் சைதாப்பேட்டையிலிருந்து தாம்பரத்துக்கு வீடு மாறினேன். பீரோ மாடிப்படியில் சிக்கி, ஒரு நாள் லீவு காலி. 'இனி ஜென்மத்துக்கும் வீடு மாத்த மாட்டேன்டா சாமி!' என்று உட்கார்ந்தபோதுதான் காவன் ஞாபகம் வந்தான்.

யானை சார்! 1985-ல் இலங்கையிலிருந்து பாகிஸ்தானுக்கு அன்பளிப்பாகப் போன குட்டி. இஸ்லாமாபாத் மிருகக்காட்சி சாலையில் கூட இருந்த சஹேலி 2012-ல் செத்துப்போக, காவன் தனிக்கட்டை. நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டிருப்பான். பார்க்கிறவர்களுக்கு டான்ஸ் மாதிரி இருக்கும். அது டான்ஸ் இல்லை, துக்கம்.

2020-ல் கோர்ட் உத்தரவு போட்டது. யானையை 'ஏறுடா' என்றால் ஏறிவிடுமா? முதலில் டயட் வைத்து உடம்பை இளைக்க வைத்தார்கள். டாக்டர் அமீர் கலீல் பாட்டுப் பாடியே சிநேகம் பிடித்தார். இரும்புக் கூண்டுக்குள் போய்வர ஒத்திகை. அப்புறம் சரக்கு விமானம். நவம்பர் 30-ல் ஐயா கம்போடியாவில் லேண்டிங்!

அங்கே சரணாலயத்தில், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு யானை தும்பிக்கையை நீட்டியது. காவனும் நீட்டினான். எட்டு வருஷத்துக்கப்புறம் முதல் 'ஹலோ'!

தாம்பரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. இன்னிக்கு சாயங்காலம் போய்க் கதவைத் தட்டணும்.