முதலை தப்பியதா?

மேட்டூர் அணை நிரம்பி அதிகமாகத் தண்ணீர் திறந்தால், நம் பள்ளிபாளையம், குமாரபாளையம் கரையோர வீடுகளில் வெள்ளம் புகுந்துவிடும். 2018 ஆகஸ்டில் அப்படித்தான் ஆனது. அந்தக் காலத்தில் தண்டோரா போடுவார்கள். இப்போது வாட்ஸ்அப் முந்திக்கொள்கிறது.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, யார் எங்கே சிக்கியிருக்கிறார்கள், எங்கே தங்க இடம் உண்டு என்று ட்விட்டரிலும் பேஸ்புக்கிலும் சொல்லிப் பலர் உதவினார்கள். வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகப் புரளி பரவியதும் அதே வழியில்தான்! பண்ணைக்காரர்களே மறுக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் யாராவது உதவி கேட்டு எழுதினால் தெரு, எத்தனை பேர், தேதி, மணி எல்லாம் போடச் சொல்லுங்கள். மீட்டபின் 'மீட்டாச்சு' என்றும் போட வேண்டும். இல்லாவிட்டால் படகு காலி வீட்டைத் தேடிப் போகும். அடுத்த தெருப் பாட்டி மொட்டைமாடியில் காத்துக்கொண்டிருப்பார்.