ஆங்கிலத் தொடர்களில் 'ஹேட்': தமிழ் மாணவர் நோக்கில் ஒரு விளக்கம்

பிறமொழி கற்போரைப் பெரிதும் இடர்ப்படுத்துவன அடிக்கடி வழங்கும் சின்னஞ்சிறு சொற்களே ஆகும். அருஞ்சொல்லுக்கு அகராதி பொருள் தந்துவிடும். சிறு சொல்லோ இடத்துக்கு இடம் பொருள் மாறி நிற்கும். 'ஹேவ்' என்னும் ஆங்கில வினையின் இறந்தகால வடிவமாகிய 'ஹேட்' அத்தகையது. பள்ளியிலும் கல்லூரியிலும் பல்லாண்டு ஆங்கிலம் பயின்ற நம் மாணவரும் விண்ணப்பம் எழுதும்போதும் நேர்முகத் தேர்விலும் இச்சொல்லிடத்தே தடுமாறக் காண்கிறோம். எனவே இதன் வழக்காறுகளைத் தமிழிலக்கணத்தோடு ஒப்பிட்டு ஈண்டுக் காண்போம்.

வடிவம்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'ஹேவ்டெ' என்பது போல் ஒலித்தது. பின்னர் இடைநின்ற வகர ஒலி தேய்ந்து 'ஹேட்' என ஆயிற்று. நிகழ்காலத்தில் 'ஐ ஹேவ்', 'ஹி ஹேஸ்' என வடிவம் வேறுபடும். இறந்தகாலத்திலோ தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகிய மூவிடத்துக்கும், ஒருமை பன்மை இரண்டுக்கும் 'ஹேட்' ஒன்றே. தமிழில் வந்தேன், வந்தாய், வந்தனர் என விகுதியே இடத்தைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் அப்பணியை எழுவாய் செய்கிறது. ஆகவே அங்கு எழுவாயை விட்டுவிட்டுப் பேசுதல் பொதுவாக இயலாது.

உடைமைப் பொருள்

'ஐ ஹேட் எ கார்டன்' என்பதனைத் தமிழில் 'எனக்கு ஒரு தோட்டம் இருந்தது' என்கிறோம். இங்கே தமிழில் தோட்டம் எழுவாய். உடையவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ஆங்கிலத்தில் உடையவர் எழுவாயாகவும் தோட்டம் செயப்படுபொருளாகவும் நிற்கின்றன. அரபு மொழியும் இவ்வகையில் தமிழை ஒத்ததே. 'என்னிடம்' எனப் பொருள்படும் 'இந்தீ' என்பதனால் உடைமையைச் சொல்லி, இறந்தகாலத்துக்குக் 'கான' என்பதனை முன்னே சேர்ப்பது அதன் வழக்காகும்.

உடைமையோடு, தேநீர் அருந்தியது, காய்ச்சல் கண்டது போன்றவற்றையும் 'ஹேட்' குறிக்கும். இவ்விடங்களிலெல்லாம் அது முதன்மை வினையாகும். எதிர்மறையாக்குங்கால் 'டிட் நாட் ஹேவ்' என வருதல் வேண்டும். 'டிட் நாட் ஹேட்' என்பது பிழை. 'டிட்' என்பதே இறந்தகாலத்தைக் காட்டிவிட்டமையால், அடுத்த வினை மீண்டும் அதனைக் காட்ட வேண்டுவதில்லை.

துணைவினையாதல்

'ஹேட்' என்பதனை அடுத்து ஒரு வினையின் மூன்றாம் வடிவம் வரின் அது துணைவினையாகிவிடும். அப்போது இறந்தகாலத்து நிகழ்ச்சிகள் இரண்டனுள் முந்தியது எது என்பதனை அது காட்டும். 'நாங்கள் நிலையத்தை அடைந்தபோது இரயில் புறப்பட்டிருந்தது' என்பதற்கு 'தி டிரெயின் ஹேட் லெஃப்ட்' என்பர். 'தி டிரெயின் லெஃப்ட்' என்று மட்டும் சொன்னால், நாங்கள் அடைந்த வேளையில் இரயில் புறப்பட்டது எனப் பொருள்படும். முன்னதில் இரயில் தவறியது உறுதி. பின்னதில் கண்முன்னே நகர்ந்தது. இங்கு எதிர்மறை 'ஹேட் நாட்' என்றே வரும், 'டிட்' வராது. முதன்மை வினையும் துணைவினையும் ஒருங்கே வரின் 'ஹி ஹேட் ஹேட் ஃபீவர்', அதாவது 'அவனுக்கு அதற்கு முன்னரே காய்ச்சல் கண்டிருந்தது', என்பதும் செம்மையான தொடரே.

நம்மவர் மிகுதியாகப் பிழைபடுவது இவ்விடத்தேயாம். 'நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்' என்பது தமிழில் இயல்பான தொடர். மற்றொரு நிகழ்ச்சியை அது வேண்டி நிற்பதில்லை. அதனை அப்படியே 'எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு மதுரை' எனப் பெயர்த்தால், கேட்கும் ஆங்கிலேயர் 'எதற்கு முன்பு?' என்று எதிர்நோக்கி நிற்பார். 'எஸ்டர்டே ஐ வென்ட்' என்பதே அங்கு அமையும். '2019இல் பட்டம் பெற்றேன்' என விண்ணப்பத்தில் எழுதுமிடத்தும் இவ்விதியே பொருந்தும். காலத்தைக் குறிப்பிட்டு ஒரு செயலை மட்டும் கூறும்போது துணைவினை 'ஹேட்' வேண்டுவதில்லை.

கட்டாயமும் ஏவுதலும்

'ஹேட் டு' என வரின் கட்டாயப் பொருள் தோன்றும். 'ஐ ஹேட் டு கோ' என்றால் 'நான் போகவேண்டியதாயிற்று' என்பதாம். கட்டாயம் உணர்த்தும் 'மஸ்ட்' என்னும் சொல்லுக்குத் தனியே இறந்தகால வடிவம் இன்மையால் இதுவே அக்குறையை நிரப்புகிறது.

இனி, ஏவுதல் பொருளைக் காண்போம். 'அரசன் கோயிலைக் கட்டினான்' என்பதில் அரசன் ஏவுதற் கருத்தா. 'தச்சன் கோயிலைக் கட்டினான்' என்பதில் தச்சன் இயற்றுதற் கருத்தா. தமிழில் இவ்விரண்டுக்கும் வினை ஒன்றே. வேறுபாட்டை நாம் உலகியலறிவால் உணர்கிறோம். ஆங்கிலம் இதனைச் சொற்கிடக்கை முறையால் காட்டவல்லது. 'ஹி ஹேட் பெயின்டட் தி ஹவுஸ்' என்றால் முன்னரே தாமே வண்ணம் பூசியிருந்தார் என்பது பொருள். 'ஹி ஹேட் தி ஹவுஸ் பெயின்டட்' என்றால் பிறரைக் கொண்டு பூசுவித்தார் என்பது பொருள். சொற்கள் அவையே, வீடு என்னும் சொல் இடம்பெயர்ந்ததும் பொருள் மாறிவிட்டது. தமிழில் 'வீட்டை' என்னும் சொல்லை எங்கு வைப்பினும் ஐயுருபு அதன் பணியைக் காட்டிக்கொடுக்கும். உருபுகள் பெரிதும் தேய்ந்துவிட்ட ஆங்கிலத்தில் வரிசையே இலக்கணமாக நிற்கிறது.

நிகழாததைக் கூறல்

'இஃப் ஹி ஹேட் ஸ்டடீட், ஹி வுட் ஹேவ் பாஸ்ட்' என்பது 'படித்திருந்தால் தேறியிருப்பான்' எனப் பொருள்படும். அவன் படிக்கவுமில்லை, தேறவுமில்லை. தமிழும் இங்கே 'இரு' என்னும் துணைவினையையே ஆளுகிறது. ஆதலின் இத்தொடர் நம் மாணவர்க்கு எளிதில் விளங்கும். இதற்கு மாறாக, 'யூ ஹேட் பெட்டர் கோ' என்பதில் வடிவம் இறந்தகாலமாயினும் 'நீ போய்விடுவது நல்லது' என இனிச் செய்யவேண்டியதையே அது உணர்த்தும். இதனை மரபுத்தொடராகவே கொள்ளுதல் வேண்டும்.

மேற்கூறியவற்றால், 'ஹேட்' என்னும் சொல்லின் பொருளை அதனை அடுத்து நிற்கும் சொல்லே உறுதிசெய்கிறது என்பது பெறப்படும். அடுத்து வருவது பெயராயின் பெரும்பாலும் உடைமை அல்லது நுகர்ச்சி; பெயரைத் தொடர்ந்து வினையின் மூன்றாம் வடிவமும் வரின் ஏவுதல்; அம்மூன்றாம் வடிவமே நேரே அடுத்து வரின் முந்திய நிகழ்ச்சி; 'டு' வரின் கட்டாயம். மாணவச் செல்வங்கள் ஒவ்வொரு தொடரையும் தமிழில் எண்ணிப் பார்த்து, 'இருந்தது', 'இருந்தேன்', 'வேண்டியதாயிற்று', 'செய்வித்தார்' என்பவற்றுள் எதற்கு ஈடாக 'ஹேட்' நிற்கிறது என வினவிப் பழகுதல் நன்று. தாய்மொழியின் இலக்கணத்தைத் தெளிவுற அறிந்தவர்க்கு அவ்வறிவு ஆங்கிலம் கற்கவும் துணைநிற்கும் என்பது நம் துணிபு.