மஞ்சள் காமாலை: புதுசா, பழசா? ரத்தம் சொல்லிவிடும்!

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற வீடானாலும் சரி, ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிற வீடானாலும் சரி, கண் மஞ்சளானால் கிளம்பும் முதல் பேச்சு ஒன்றுதான். "கீழாநெல்லியை அரைச்சுக் குடி, சரியாப் போயிடும்!"

பலருக்குச் சரியாகியும் விடுகிறது. தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். ஆனால் வந்திருப்பது எந்தக் கிருமி என்று தெரியாமல் சும்மா இருப்பதில்தான் ஆபத்து!

'எம்' புதுசு, 'ஜி' பழசு

பிலிரூபின் சோதனை காமாலையின் அளவைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஆளைக் காட்டிக் கொடுப்பது எதிர்ப்புப் பொருள் சோதனை.

கிருமி நுழைந்ததும் உடம்பு முதலில் உண்டாக்குவது ஐ.ஜி.எம். சில மாதங்களில் இது மறைந்துவிடும். அடுத்து வரும் ஐ.ஜி.ஜி. பல வருஷம் தங்கும்.

லேப் சீட்டில் 'ஏ' கிருமிக்கு ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் நோய் இப்போது வந்தது. ஐ.ஜி.ஜி. மட்டும் பாசிட்டிவா? எப்போதோ வந்து போயிருக்கிறது, அல்லது தடுப்பூசி போட்டிருக்கிறது. இதற்கு அலற வேண்டியதில்லை.

டெல்லி ரத்தம் சொன்ன ரகசியம்

1955 கடைசியில் டெல்லியில் குடிதண்ணீரில் சாக்கடை கலந்தது. சுமார் 29 ஆயிரம் பேருக்குக் காமாலை! 'ஏ' கிருமியின் வேலை என்றே பலரும் நினைத்தார்கள்.

அன்று எடுத்த ரத்தத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். புனே வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தாரும் அமெரிக்க விஞ்ஞானிகளும் அதைச் சோதித்து 1980-ல் முடிவை வெளியிட்டார்கள். 'ஏ' கிருமியும் இல்லை, 'பி' கிருமியும் இல்லை!

1983-ல் வெளியான ஆய்வுக்காக ரஷ்ய விஞ்ஞானி பலயான், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தானே குடித்தார். காமாலை வந்தது. அவர் மலத்திலேயே புதுக் கிருமி சிக்கியது. அதுதான் இன்றைய 'இ' கிருமி.

கர்ப்பிணிகளுக்கு இது எமன். கடைசி மூன்று மாதத்தில் இருப்பவர்களில் நூற்றுக்கு 20 பேர் வரை உயிரிழக்கலாம். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

'பி' வேறு கதை

'பி' கிருமி தண்ணீரில் வராது. ரத்தம், சுத்தமில்லாத ஊசி, உடலுறவு வழியாகவும், தாயிடமிருந்து குழந்தைக்கும் வரும். 'ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.' பாசிட்டிவ் என்றால் கிருமி உடம்பில் இருக்கிறது. புதிதாக வந்ததா என்று அறிய 'கோர்' ஐ.ஜி.எம். சோதனை உண்டு. ஆறு மாதம் தாண்டியும் கிருமி போகாவிட்டால் அது நாள்பட்ட நோய். கவனிக்காமல் விட்டால் கல்லீரல் சுருங்கிப்போகும், புற்றுநோயும் வரலாம்.

நோய் தொடங்கிய ஓரிரு நாளில் எடுத்த சோதனை சில சமயம் ஏமாற்றும். டாக்டர் மறுபடி எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும்.

காமாலைக்காரர் பிதற்றினாலோ, ஓயாமல் தூங்கி வழிந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, லேப் சீட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்!